இலைமேல் படியும் சுண்ணாம்பு

கோவில்பட்டியிலிருந்து வாசக அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி, மலாவி ஏரியைச் சேர்ந்த மஞ்சளும் நீலமுமான சிக்லிட் மீன்கள் பத்துப் பன்னிரண்டை அதில் விட்டு, "இந்த மீனோடு செடி ஆகாது" என்று கடைக்காரர் கையை விரித்ததையும் பொருட்படுத்தாமல் வலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் நட்டு, வீட்டு போர்த் தண்ணீரையே நிரப்பி மூன்று மாதம் ஓட்டிவிட்டாராம். ஹைட்ரில்லாவில் பாதியை மீன்கள் மேய்ந்துவிட்டன. அதைப் பற்றி அவருக்கு வருத்தமில்லை. மிஞ்சிய இலைகளின்மேல் மாவு தூவினாற்போல வெள்ளையாக ஏதோ படிகிறது, தேய்த்தால் நறநறக்கிறது. இது என்ன வியாதி, இதற்கு என்ன மருந்து என்பதுதான் அவருடைய கவலை. கூடவே மூன்று உபகேள்விகள்: கடைக்காரர் வாங்கச் சொல்லும் கரியமில வாயு சிலிண்டர் அவசியந்தானா, ஏற்கெனவே தலையில் கட்டிவிட்ட ஹீட்டரை எந்த மாதத்தில் போடுவது, "நம்ம ஊர் போர்த் தண்ணியும் அந்த ஆப்பிரிக்கா ஏரித் தண்ணியும் ஒண்ணுதான் சார்" என்று அவர் அடித்துச் சொன்னது மெய்தானா.

வியாதி அன்று. கடிதம் வந்த அன்றே என் வீட்டுத் தொட்டியிலிருந்து ஹைட்ரில்லாக் கொடி ஒன்றை எடுத்து, ஓர் இலையைக் கிள்ளி வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்துப் பூதக்கண்ணாடி வழியே பார்த்தேன். இலையின் மேல்முகம் முழுவதும் பழைய சுவரின் வெள்ளைபோலத் திட்டுத்திட்டாய் வெளுத்திருந்தது. புரட்டிப் பார்த்தால் அடிமுகம் துடைத்துவிட்டாற்போலப் பச்சையாய், வழவழப்பாய் இருந்தது. மேல்முகத்தில் வினிகர் ஒரு சொட்டு விட்டேன்; நுண்ணிய குமிழிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு கிளம்பின. அடிமுகத்தில் விட்ட சொட்டு விட்டபடியே கிடந்தது. பிறகு, எட்டயபுரம் சாலையோரத்துக் கரிசல் காட்டில் எப்போதோ பொறுக்கி வந்து மேஜைமேல் காகிதத்துக்குப் பாரமாய் வைத்திருக்கும் சுக்கான் கல் ஒன்றின்மீதும் ஒரு சொட்டு விட்டேன். அதே நுரை, அதே சீறல். இலைமேல் இருப்பதும் உழவு சாலில் வெள்ளை வெள்ளையாய்ப் புரண்டு வருவதும் ஒரே பதார்த்தம்; இரண்டும் சுண்ணாம்பு. ஆனால் காட்டில் அது கோடை வெயிலால் விளைகிறது. தொட்டியிலோ இலை தன் பசிக்காக விளைவிக்கிறது. இந்தப் பசியைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மீன்களைப் பற்றி அல்ல.

ஆனால் கடைக்காரருடைய தண்ணீர்த் தத்துவத்தை அதற்கு முன் ஒருவாறு தீர்த்துவிட வேண்டும். மலாவி ஏரி என்பது சென்னைக்கும் கோவில்பட்டிக்கும் உள்ள தூரமளவு நீண்டு, ஆழத்தில் 700 மீட்டர் இறங்கி, வேறெங்கும் இல்லாத சிக்லிட் இனங்களை நூற்றுக்கணக்கில் தனக்குள்ளேயே பிறப்பித்து வைத்திருக்கும் மகா ஜலாசயம். அதன் நீர் காரத்தன்மை உடையது, பி.எச். 7.7-க்கும் 8.6-க்கும் இடையில் நிற்கும் என்பதுவரை கடைக்காரர் சொல்வது சரியே. ஆனால் காரம் வேறு, கடினம் வேறு, உப்பு வேறு. அந்த ஏரி நீரில் கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் வாக்கில்தான் உண்டு. துவரம்பருப்பைப் போட்டால் அதில் நன்றாகவே வேகும். நம் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, குழாய் முனையில் ஆறே மாதத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டும். கரைந்துள்ள உப்புகளின் அளவைக் குறிப்பால் காட்டும் மின்கடத்துதிறன் மலாவியில் 250 மைக்ரோ சீமென்ஸ் சுமார், மற்றோர் ஆப்பிரிக்க ஏரியான டாங்கனிக்காவில் 650 சுமார். கரிசல் சீமைக் கிணறுகளில் ஆயிரம், இரண்டாயிரம் என்று காட்டுவது சாதாரணம். ஆகவே இரண்டும் ஒன்றல்ல. மீன்கள் தாங்கிக்கொள்கின்றன என்பது அவற்றின் பொறுமைக்கு அத்தாட்சியே தவிர, கடைக்காரரின் ரசாயன ஞானத்துக்கு அல்ல. சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரை ஓரிரவு ஏர் பம்பு ஓடவிட்டுக் குளோரின் போக்கி, போர்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்துகொண்டால் இரண்டு பக்கத்துக்கும் நியாயம் செய்ததாகும்.

இனி இலையின் பசிக்கு வருவோம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பார்த்த சோதனை ஒன்று உண்டு: முகவையில் தண்ணீர், அதற்குள் ஹைட்ரில்லா, மேலே கவிழ்த்த புனல், புனலின்மேல் சோதனைக் குழாய், வெயிலில் வைத்தால் குமிழி குமிழியாய்ப் பிராணவாயு சேரும். அந்தச் சோதனையைத் தொடங்குமுன் ஆசிரியர் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட்டைத் தண்ணீரில் போடுவார். ஏன் என்று கேட்டால் "கரியமில வாயு கிடைப்பதற்காக" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அவர் ஒரே வார்த்தையில் கடந்துபோன அந்த இடத்தில்தான் முழு விசித்திரமும் அடங்கியிருக்கிறது.

தண்ணீருக்குள் வாழும் செடிக்குக் கரியமில வாயு கிடைப்பது எளிதன்று. காற்றில் அது பரவும் வேகத்தில் பதினாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் நீரில் பரவுகிறது. அதிலும் நீர் காரமாயிருந்தால் நிலைமை இன்னும் மோசம். பி.எச். 8.3 அளவில், கரைந்திருக்கும் கரியமிலச் சரக்கில் நூற்றுக்கு ஒரு பங்குதான் வாயு வடிவில் உலவுகிறது. மற்றது ஏறத்தாழ முழுவதும் பைகார்பனேட்டாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதாவது, செடியைச் சுற்றி ஆகாரம் மலைமலையாய்க் குவிந்திருக்கிறது, ஆனால் ஓட்டோடு இருக்கிறது. கோவில்பட்டிக்காரருக்குக் கடலையை வைத்துச் சொல்லிவிடலாம். கரியமில வாயு என்பது உரித்த பருப்பு, பைகார்பனேட் என்பது ஓட்டுக்கடலை. பல நீர்ச்செடிகள் உரித்த பருப்பை மட்டுமே தின்னத் தெரிந்தவை; அவை காரத் தண்ணீரில் கடலைக் குவியலின்மேல் உட்கார்ந்துகொண்டே பட்டினி கிடக்கும். ஹைட்ரில்லாவும் வலிஸ்னேரியாவும் ஓட்டை உடைக்கத் தெரிந்த ஜாதி.

உடைக்கும் வேலை ஹைட்ரில்லாவில் எப்படி நடக்கிறதென்றால், சூரிய வெளிச்சத்திலிருந்து பெற்ற சக்தியைக்கொண்டு இலை தன் அடிமுகத்து வழியே ஹைட்ரஜன் அயனிகளை வெளியே இறைக்கிறது. அடிமுகத்தை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலம் அதனால் அமிலமாகிறது. அந்த அமிலத்தில் பைகார்பனேட் உடைந்து கரியமில வாயுவாகி இலைக்குள் நுழைகிறது. உடைத்ததில் மிஞ்சிய காரத்தை இலை தன் மேல்முகத்து வழியே வெளியேற்றுகிறது, அங்கே பி.எச். 10-ஐ எட்டிவிடுவதும் உண்டு. அத்தனை காரத்தில் கால்சியம் கரைந்து நிற்க முடியாது. சுண்ணாம்பாகி அவ்விடத்திலேயே படிகிறது. ஒரு மயிரிழையளவே தடித்த இலை, தன் ஒரு பக்கத்தில் எலுமிச்சைப் புளிப்பும் மறு பக்கத்தில் சுண்ணாம்புக் காரமுமாக, முன்வாசலில் கடலை மூட்டை இறங்கப் பின்வாசலில் ஓடு குவியும் கடலைமிட்டாய்க் கம்பெனிபோல நாள் முழுதும் இயங்குகிறது. வெளிச்சம் போனால் ஆள் நின்றுவிடும். விளக்கைப் போட்டால் மறுபடி வேலை தொடங்கும். அன்பர் தம் தொட்டியில் கண்டு அஞ்சிய வெள்ளைப் படிவு இந்தப் பின்வாசல் குவியலே.

உவமையை இத்துடன் நிறுத்திக்கொண்டால் நல்லது; ஆனாலும் கணக்கைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுண்ணாம்பு படியும்போது இரண்டு பைகார்பனேட்டுக்கு ஒரு கரியமில வாயுதான் செடிக்குச் சேருகிறது; மற்றொன்றின் கரியும் கால்சியத்தோடு கூடி ஓட்டோடு ஓடாய்ப் போய்விடுகிறது. இரண்டு கடலை உடைத்து ஒரு பருப்பைத் தின்று ஒரு பருப்பைக் குப்பையில் கொட்டுவதற்கு, 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் கடலைமிட்டாய்க்காரர்கள் எவரும் சம்மதிக்கமாட்டார்கள். செடி சம்மதிக்கிறது, ஏனெனில் அதன் வாசலில் ஓட்டுக்கடலைக்குப் பஞ்சமேயில்லை.

இலைக்கு இருமுகத் தொழில் உண்டென்பதை 1933-லேயே கார்ல் அரென்ஸ் என்ற ஜெர்மானியர் எழுதிவிட்டார். பிற்பாடு பலர் நுண்ணிய மின்முனைகளை இலைமேல் வைத்து அளந்து அதை உறுதிப்படுத்தினார்கள். சரித்திரம் அவ்வளவு போதும். அதைவிடச் சுவையானது, புளோரிடாவில் ஜார்ஜ் போவ்ஸ் குழுவினர் ஹைட்ரில்லாவிடம் கண்ட இன்னொரு தந்திரம்: கோடையில் குளம் நெருக்கமாகி வாயு அறவே வற்றிப்போகும்போது, இச்செடி நம் கரிசல் காட்டுச் சோளமும் கம்பும் கையாளும் ஒளிச்சேர்க்கை முறைக்குத் தாற்காலிகமாக மாறிக்கொள்கிறது. சோளத்துக்கு அதற்கென்று இருவகை உயிரணுக்களாலான தனி அமைப்பு உண்டு. ஹைட்ரில்லாவோ அவ்வேலை முழுவதையும் ஒரே உயிரணுவுக்குள் முடித்துக்கொள்கிறது.

ஆகவே சிலிண்டர் வேண்டியதில்லை. வாயுவை உள்ளே விட்டால் தண்ணீரின் பி.எச். இறங்கும், காரத்தை நாடும் மீனுக்கு அது உபத்திரவம், பணமும் குமிழியாய்ப் போகும். பி.எச்.-ஐ உயர்த்துமென்று விற்கும் பொடியும் பவளமணலும்கூட நம் தண்ணீருக்கு அநாவசியம். சுண்ணாம்பு ஏற்கெனவே நிறைந்து ததும்பும் நீரில் பவளமணல் கரையவே கரையாது, வெறும் அலங்காரமாய்க் கிடக்கும். விளக்கு எட்டு மணி நேரம் எரியட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். மீனின் கழிவில் பிறக்கும் அம்மோனியா, காரமில்லாத நீரில் பெரும்பாலும் அயனியாகி அடங்கிக் கிடக்கும். காரம் ஏற ஏற விஷவாயுவாக விடுபடும். 30 பாகை வெப்பத்தில், பி.எச். 7-ஆக இருந்தால் விஷவடிவம் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு, 8.5-ஆக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு. மேலே சொன்ன இலை வேலையால் சாயங்காலத்தில் தொட்டியின் பி.எச். இன்னும் ஏறியிருக்கும் என்பதையும் இதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கோவில்பட்டித் தொட்டி மீனுக்கு அதன் சாப்பாடே பெரிய அபாயம் என்று சொன்னாலும் மிகையாகாது. இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவுக்குமேல் தீனி போடக்கூடாது; வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும். ஓடு குவியும் வேகத்தில் தண்ணீரின் சுண்ணாம்பும் குறைந்துகொண்டே வருமாதலால், புதுத் தண்ணீர் அதையும் ஈடுசெய்யும். செடி தன் பங்குக்கு அம்மோனியாவை உரமாய் உறிஞ்சிக்கொண்டு உதவுகிறது. செடி வைத்ததற்கு மீன் செலுத்த வேண்டிய நன்றி இது.

மீன் நன்றி செலுத்துவதில்லை, இலையைத் தின்கிறது. பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வளர்ந்த வம்சத்துக்கு மெல்லிய இலை கீரைக்கட்டு மாதிரி. மணலைத் தோண்டுவதும் அவற்றின் ஸ்வபாவம். நட்ட செடி காலையில் மிதக்கும். வலிஸ்னேரியாவின் அடியில் கனமான கல்லைச் சுற்றிப் பாந்தமாய் வைத்துவிட்டால் அது வேரோடிக் கொள்ளும். மலாவி ஏரியின் ஆழமில்லாத குடாக்களில் அது தானாகவே வளர்வதும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் அனுபியாஸைக் கருங்கல்லின்மேல் நூலால் கட்டிவிடலாம். கிழங்கை மட்டும் மண்ணுக்குள் புதைக்கக்கூடாது, அழுகிவிடும். அதன் இலை தோல்போல் தடித்திருப்பதால் மீன் ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு விலகிவிடும். ஓடு உடைக்கும் சாமர்த்தியத்தால் அன்று, பசி சிறுத்ததால் பிழைக்கும் செடி அது. மாதத்துக்கு ஓரிலை விட்டால் அதிகம்.

ஆப்பிரிக்க சிக்லிட் நம் நாட்டுக்கு ஏதோ நேற்று வந்த விருந்தாளி என்று அன்பர் எண்ணவேண்டாம். பீட்டர்ஸ் என்பவர் மொசாம்பிக்கில் கண்டு 1852-ல் வர்ணித்த மீன், 1930-களில் ஜாவாவில் எப்படியோ தலைகாட்டி, 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, மலிவான உணவு என்ற ஆரவாரத்தோடு குளங்களில் விடப்பட்டது. அது மற்ற மீன்களை நெருக்கித் தள்ளுவதைக் கண்டு 1959-லேயே பரப்ப வேண்டாமென்று தடுத்தார்கள். தடுத்தபோது அது பரவி முடிந்திருந்தது. கண்மாய் வற்றும்போது கூடை கூடையாய் அள்ளி ஜிலேபிக் கெண்டை என்று கூவி விற்கிறோமே, அதுதான். ஆகவே அலுத்துப்போன மீனையும் அதன் குஞ்சையும் ஊருணியிலோ கண்மாயிலோ கொண்டுபோய் விடவேண்டாம் என்று அன்பரைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஹீட்டர். மலாவி ஏரியின் மேல்நீர் ஆண்டு முழுவதும் 23 பாகைக்கும் 28 பாகைக்கும் இடையில் இருக்கிறது. கோவில்பட்டியில் சித்திரை மாதத்து மத்தியானம் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தாண்டும். அப்போது அதில் கரையக்கூடிய பிராணவாயு 25 பாகையில் கரைவதைவிட எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும், இரவில் செடிகளும் அதில் பங்கு கேட்கும். அன்பர் வாங்கவேண்டியது தொட்டியின் மேற்பரப்பைப் பார்த்துத் திருப்பிவைக்க ஒரு சிறிய மேஜை விசிறி. ஹீட்டரை ரசீதோடு கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.