பழம்பந்தின் வயது

என் பாட்டி தம் வயதைப் பெரும்புயல் வீசிய ஆண்டைக் கொண்டே கணக்கிடுவார். அமெரிக்காவின் பழைய பேஸ்பால் பந்துகளுக்கும் அத்தகைய அடையாளங்கள் உண்டு. நேஷனல் லீக் பந்துகளில் 1934-க்கு முன் சிவப்பு, கறுப்பு நூல்களால் தைத்தனர். பின்னர் சிவப்பு மட்டுமே. 1974-இல் குதிரைத்தோல் உறை மாட்டுத்தோலாக மாறியது. லீக் தலைவரின் பெயரும் பந்தில் பொறிக்கப்பட்டிருக்கும்.

வாரன் ஜைல்ஸ் 1951 முதல் 1969 வரை தலைவர். புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத் மறைந்ததோ 1948-இல். ஜைல்ஸின் பெயர் பொறித்த பந்தில் ரூத்தின் கையொப்பம் இருப்பின், அது போலியே! பெருந்தொகை கொடுத்து வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான்.

ஒரு பொருள், தன்னிலுள்ள மிகப் புதிய அடையாளத்தைவிடப் பழமையானதாக இருக்க இயலாது. ஆகவே நண்பர்களே, சொல்லப்படும் கதையை விடுத்து, பொருளையே சாட்சிக்கு அழைப்போம். அறிவியல் எனக்குக் கற்பித்த முதற்பாடம் அதுவே.