பியோனி மலரின் பயிர்ப்பேதங்கள்: வரலாறும் இயல்புகளும்

மலர்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை நுகர்ந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எவ்வரசன் எம்மலரை விரும்பினான், எப்புலவன் எதனைப் பாடினான் என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. அம்மலரை இன்றைய வடிவில் ஆக்கித் தந்தோர் யாவர் என்ற வினாவோ அரிதாகவே எழுப்பப்படுகின்றது. சீனத்தில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றப்பட்டுவரும் பியோனி மலரை இவ்வினாவோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பியோனி இடைவெப்ப வலயத் தாவரமாகும். ஆசியாவிலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியிலும் ஏறத்தாழ முப்பதுக்கு மேற்பட்ட காட்டினங்கள் காணப்படுகின்றன. அவை வளரியல்பால் இருவகைப்படும். ஒன்று பூண்டுவகை. இது மாரிகாலத்தில் நிலத்தின்மேல் முற்றாக மடிந்து, இளவேனிலில் வேர்த்தண்டிலுள்ள முகைகளிலிருந்து மீண்டும் தளிர்க்கும். மற்றையது வைரித்த தண்டுடைய மரவகை. பெயர் மரமாயினும் உண்மையில் இது ஒன்று முதல் இரண்டு மீற்றர் வரை வளரும் செடியேயாகும். சீனர் முன்னதைச் ‘ஷாவோயாவோ’ என்றும் பின்னதை ‘முதான்’ என்றும் வேறுபடுத்துவர். நீண்ட குளிர்கால உறக்கமின்றி முகைகள் ஒழுங்காக விழிப்பதில்லை. ஆதலினாலேயே வெப்பவலயத் தாழ்நிலங்களில் இச்செடி பூப்பதில்லை.

காட்டுப் பியோனியில் ஐந்து முதல் பத்து வரையிலான அல்லிகளும், நடுவே மகரந்தம் நிறைந்த எண்ணற்ற கேசரங்களும் உள்ளன. இக்கேசரங்கள் அல்லிகளாகத் திரியும் இயல்புடையன. தோட்டப் பேதங்களின் பன்மைக்கு அடிப்படை இத்திரிபேயாகும். கேசரங்கள் திரியாதிருப்பின் அது ஒற்றைப் பூ. அவை தட்டையாகி மகரந்தத்தை இழப்பின் அது யப்பானிய வடிவம். திரிந்த கேசரங்கள் நடுவே உருண்டு திரண்டெழுந்து, புறவல்லிகள் தட்டைப்போல் விரிந்து நிற்பின் அது குண்டு வடிவம். அகமும் புறமும் வேறறியாவண்ணம் அல்லிகளே நிறைந்துவிடின் அது அடுக்குப் பூ.

இங்கு ஒரு முரண்பாட்டை நாம் கவனித்தல் வேண்டும். மனிதன் அழகெனக் கொள்ளும் இவ்வடுக்கு, தாவரத்தின் இனப்பெருக்க ஆற்றலைக் குறைத்தே பெறப்படுகின்றது. நிறைந்த அடுக்குப் பூக்கள் பல விதை தருவதில்லை. தந்தாலும் அவ்விதையிலிருந்து எழும் நாற்று தாயை ஒத்திருப்பதில்லை. எனவே பூண்டுவகையை வேர் பிரித்து நடுவதாலும், மரவகையைப் பெரும்பாலும் ஒட்டுதலாலுமே பெருக்குகின்றனர். தற்காலத்தில் மரவகையின் ஒட்டுமுளையைப் பூண்டுவகையின் வேர்த்துண்டில் பொருத்தி நடுவர். ஒட்டுமுளை தன் சொந்த வேரை விடும்வரை அவ்வேர்த்துண்டு அதற்கு உணவூட்டும். சுருங்கக் கூறின், மனிதக் கைகளின் இடையறாத தொடர்பு அறுந்தால் பயிர்ப்பேதமும் மறைந்துவிடும்.

பியோனி முதலில் மருந்தாகவே பயிர் செய்யப்பட்டது. முதானின் வேர்ப்பட்டையும் ஷாவோயாவோவின் வேரும் இன்றும் சீன மருத்துவத்தில் இடம்பெறுகின்றன. தாங் வமிச காலத்தில் (618–907) தலைநகராகிய சாங்கானிலே முதான் செல்வச் செழிப்பின் சின்னமாயிற்று. கவிஞர் பை சூயி (772–846), பூ வாங்கச் செல்வர் இறைக்கும் பணத்தைக் குடியானவரின் வரிச்சுமையோடு ஒப்பிட்டுக் கண்டித்துக் கவிதை செய்தார். இம்மலர் பற்றிய சமூக விமரிசனம் அம்மலரின் புகழளவு பழைமையானது என்பதற்கு இது சான்றாகும்.

சொங் வமிச காலத்தில் லோயாங் நகரம் முதானின் நிலைக்களமாயிற்று. அறிஞர் ஓயாங் சியு 1034ஆம் ஆண்டளவில் அந்நகரத்து முதான்கள் பற்றி எழுதிய நூல் நமக்குக் கிடைக்கும் அரிய ஆவணமாகும். இருபத்துநான்கு பேதங்களை நிரற்படுத்தும் அவர், அவை உரியவரின் குடும்பப் பெயர், ஊர், நிறம், சிறப்பு அடையாளம் என்பவற்றால் பெயர் பெற்றதை விளக்குகின்றார். அவற்றுள் தலைசிறந்தவை இரண்டு. ‘யாவோ மஞ்சள்’ யாவோ என்ற சாதாரண குடிமகன் வீட்டில் தோன்றியது. மற்றையதான ‘வெய் பூ’ முதலமைச்சர் வெய் ரென்புவின் பெயரைத் தாங்கியது. ஆனால் அதனை ஷௌவான் மலையில் முதலிற் கண்டு, வெட்டியெடுத்து வந்து வெய் குடும்பத்தாருக்கு விற்றவன் ஒரு விறகுவெட்டி என்பதையும் ஓயாங் சியு பதிவு செய்துள்ளார். அப்பூவைக் காண வந்தோர் தோட்டத்துக் குளத்தைப் படகிற் கடக்கக் கட்டணம் செலுத்தினர். அவ்வருவாய் அமைச்சர் குடும்பத்தைச் சேர்ந்தது. விறகுவெட்டியின் பெயரோ எங்கும் இல்லை.

அந்நூல் காட்டும் உற்பத்தி முறையும் நோக்கற்பாலது. இளவேனில் தொடக்கத்தில் மலைகளிலிருந்து சிறு காட்டுச்செடிகள் வெட்டி வரப்பட்டு நகரில் விற்கப்பட்டன. வாங்கியோர் அவற்றைப் பாத்திகளில் வளர்த்து, இலையுதிர் காலத்தில் அவற்றின்மேல் உயர்ந்த பேதங்களை ஒட்டுவித்தனர். யாவோ மஞ்சளின் ஒட்டுமுளை ஒன்றின் விலை ஐயாயிரம் காசு. இலையுதிர் காலத்தில் உடன்படிக்கை எழுதப்பட்டு, அடுத்த இளவேனிலில் பூவைக் கண்ட பின்னரே பணம் கொடுக்கப்பட்டது. எனவே ஒட்டு பிழைக்குமா என்ற அபாயம் விற்றவனையே சார்ந்திருந்தது. செல்வர் வீடுகள் யாவும் அழைத்த புகழ்பெற்ற ஒட்டுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். ‘மென் தோட்டக்காரன்’ என்றே அவர் அழைக்கப்பட்டார்; அவரது முழுக் குடும்பப்பெயர் இன்னதென நூலாசிரியராலேயே உறுதியாகக் கூற இயலவில்லை. இன்னொரு செய்தி மிகவும் சுவையானது. அதிகாரமுள்ளோர் ஒட்டுமுளை கேட்குமிடத்து, கொடுக்க மனமில்லாத லோயாங் மக்கள் சிலவேளைகளில் அதனை வெந்நீரில் தோய்த்துக் கொன்ற பின்னரே கொடுத்தனராம். வெளிப்படையாக மறுக்க இயலாதவரின் எதிர்ப்பாகவும் இதனை நாம் கொள்ளலாம்.

ஐரோப்பாவிலும் பியோனி மருந்துச் செடியாகவே மடாலயத் தோட்டங்களில் இடம்பெற்றது. அதன் பெயர் கிரேக்கத் தேவர்களின் மருத்துவனான பையோனை நினைவூட்டுவதாகும். சீனப் பேதங்கள் அங்கு சென்றமை வணிகத்தோடும் ஆதிக்கத்தோடும் பிணைந்தது. அபினி யுத்தத்தின் பின் 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையால் ஷங்காய் உள்ளிட்ட ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே இலண்டன் தோட்டக்கலைச் சங்கத்தால் அனுப்பப்பட்ட றொபேட் ஃபோர்ச்சூன் சீனம் சேர்ந்து, முதான் பேதங்களைத் திரட்டி இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1848இல் கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சீனத் தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கொண்டுசெல்ல ஏவப்பட்டவரும் இவரேயாவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சில் மியேயெ, காலோ, க்ரூஸ், லெமுவான் முதலிய நாற்றுமேடை உரிமையாளர் பூண்டுவகைப் பேதங்களைப் பெருக்கினர். செந்துளிகள் தெறித்த வெண்ணிற ‘ஃபெஸ்திவா மாக்சிமா’ (1851), ‘டச்செஸ் டி நெமூர்’ (1856), இளஞ்சிவப்பான ‘சாரா பேர்ணார்ட்’ (1906) ஆகியன இன்றும் பயிரிடப்படுகின்றன. பெருமாட்டியரும் நடிகையரும் பெயர்களாயினர். வாணிபம் பெருகப் பெருக, ஒரே செடி பல பெயர்களில் விற்கப்படும் குழப்பமும் பெருகிற்று. 1903இல் அமைந்த அமெரிக்கப் பியோனிச் சங்கம் கோர்னெல் பல்கலைக்கழகத்துடன் இணைந்து, பேதங்களை அருகருகே நட்டு ஒப்பிட்டுப் பெயர்களைச் சீர்செய்ய முயன்றமை இதன் விளைவேயாகும்.

பூண்டுவகைப் பயிர்ப்பேதங்களில் ஆழ்ந்த மஞ்சள் நிறம் இருந்ததில்லை. சீனத்தின் யுன்னான் பகுதியில் கண்டறியப்பட்ட மஞ்சள் மரவகைக் காட்டினத்தைக் கொண்டு பிரெஞ்சு வளர்ப்போர் மஞ்சள் மரவகைகளை ஆக்கினர். அந்நிறத்தைப் பூண்டுவகையோடு இணைத்தல் இயலாதெனப் பலர் எண்ணியிருந்தனர். யப்பானிய நாற்றுமேடைக்காரரான தொயிச்சி இத்தோ 1948இல், பலமுறை தோல்வியுற்ற பின், இவ்விரு பிரிவுகளையும் கலந்து விதை பெற்றார். பூண்டுபோல் தணிந்து வளர்ந்து, மரவகையின் இலையும் மஞ்சள் நிறமும் கொண்ட புதுப்பிரிவு அதனின்று தோன்றிற்று. 1956இல் மறைந்த அவர் அந்நாற்றுக்களின் பூவைக் கண்டதில்லை. அவரது மனைவியிடமிருந்து செடிகளைப் பெற்ற அமெரிக்க வணிகர் லூயி ஸ்மேர்னோ 1974இல் அவற்றைப் பதிவு செய்தார். பேதமொன்றின் பெயர் ‘மஞ்சள் பேரரசன்’. எனினும் அப்பிரிவு முழுவதும் இன்று ‘இத்தோ பியோனி’ என வழங்குகின்றமை குறிப்பிடத்தக்கது. உழைத்தவனின் பெயர் உழைப்பின் விளைபொருளில் நிலைத்த அரிய சந்தர்ப்பம் இது.

லோயாங் நகரம் 1982இல் முதானைத் தன் நகரமலராகத் தெரிந்து, 1983 முதல் விழா எடுத்து வருகின்றது. 2011இல் சீன அரசு முதான் விதை எண்ணெயை உணவாக அங்கீகரித்ததன் மூலம், அலங்காரச் செடி மீண்டும் பயன்செடியாகவும் ஆயிற்று. மறுபுறம், மரபணு ஆய்வுகள் மரபுவழி முதான் பேதங்கள் பல காட்டினங்களின் கலப்பால் ஆனவை என்று காட்டியுள்ளன. மருந்துக்காக வேர் அகழப்பட்டமையால் அக்காட்டினங்களுட் சில இன்று அருகிவருகின்றன.

எனவே, பியோனிப் பேதங்களின் வரலாற்றை அரண்மனைகளின் வரலாறாக மட்டும் நோக்குதல் குறைநோக்காகும். மலையிற் செடி வெட்டியோரும், பாத்தியில் நீரூற்றியோரும், ஒட்டுக் கட்டியோரும் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றித் தந்ததே இன்றைய மலர். காட்டினங்களைப் பேணுவதோடு, இவர்தம் தொழிலறிவைப் பதிவு செய்தலும் ஆய்வாளரின் கடமையென நாம் கருதுகின்றோம்.