கணினிக்கு மாறலாமா?

பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு எடுப்பது என்பதே இன்று எங்கள் வகுப்பில் பெரிய பேச்சு. கணினி அறிவியல் கிடைக்காவிட்டால் எதிர்காலமே போயிற்று என்று அஞ்சுவோர் பலர். கல்லூரியில் வேறு பாடம் எடுத்த அக்காமாரும், அதை விட்டுவிட்டு மாறலாமா என்று கலங்குகின்றனர். அவசரம் வேண்டாம், தோழியரே!

தமிழ்நாட்டில் பொறியியல் தரவரிசைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200 மதிப்பெண்ணே கணக்கு. மேல்நிலையில் கணினிப் பாடம் படிக்காதவரும் கணினிப் பொறியியலில் சேரலாம். ஆனால் கணிதத்தை விட்டுவிட்டால் அவ்வழி அடைபடும்.

மேல்நிலையில் கணிதம் பயின்று பி.எஸ்ஸி. முடித்தவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். எம்.சி.ஏ.வும் இப்போது இரண்டே ஆண்டுதான். சென்னை ஐ.ஐ.டி. 2021இல் வகுப்புகளைத் தொடங்கிய தரவு அறிவியல் படிப்பை, வேறு பட்டம் படித்துக்கொண்டே இணையவழியில் பயிலலாம். பாதியில் விட்டு மீண்டும் முதலாண்டில் சேர்ந்தாலோ, காலமும் பெற்றோர் கட்டிய பணமும் போகும்.

மாறுமுன் நம்மை நாமே கேட்போம்: நமக்குப் பிடித்தது நிரல் எழுதுவதா, அல்லது ஊரார் சொல்லும் பெயரா? விடுமுறையில் பைத்தான் மொழியில் நிரல் எழுதிப் பார்த்தால் விடை தெரியும். விருப்பம் உண்மையானால், பெற்றோரிடமும் ஆசிரியைகளிடமும் மனம் திறந்து பேசித் துணிவோம்.

நமது பாபநாசத்தில் 1944 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். சுழலியைச் சுற்றிய தண்ணீர் வீணாவதில்லை. மீண்டும் தாமிரபரணியில் சேர்ந்து வயல்களுக்குப் பாய்கிறது. கற்ற கல்வியும் அவ்வாறே. எந்தப் பாடமானாலும், இறைவன் அளித்த தாலந்தைப் புதைக்காமல் பெருக்குவோம்!