பழைய அம்பிளிபயருக்கு இனி என்ன விலை?

தலவாக்கலைத் தோட்டங்களில் கோயில் திருவிழாவென்றால் ஒலிபெருக்கி முழங்காமலிராது. அதனை இயக்கும் அம்பிளிபயர் முன்னர் பெரும் பாரம். இன்று கைப்பையில் அடங்கும் பெட்டிகளும் உள. 'டி' வகுப்பு என்னும் முறையே காரணம். மின்னோட்டத்தை அது செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை திறந்து மூடுகிறது. வெப்பமாய் வீணாவது சொற்பம். நூற்றுக்கு 90 பங்கு வரை ஒலிபெருக்கிக்கே சேர்கிறது. பழைய டிரான்சிஸ்டர் பெட்டிகளுக்கு இது எட்டாத அளவு.

நல்லொலி புதிதாகவே மலிவாய்க் கிடைக்கையில், பாவித்த கனத்த பெட்டிக்குப் பெருவிலை கொடுப்போர் குறைவது இயல்பே. ஆயின் பழையனவெல்லாம் மலிந்துவிடுமோ? இங்கிலாந்தில் 1953இல் வெளிவந்த 'குவாட் 2' வால்வு அம்பிளிபயரை நோக்குவோம். 1967இல் அதே நிறுவனம் டிரான்சிஸ்டராலான 'குவாட் 303'ஐக் கொணர்ந்தது. வால்வின் காலம் முடிந்ததெனத் தோன்றிற்று. இன்றோ குவாட் 2ஐச் சேகரிப்போர் தேடியலைகின்றனர்; அந்நிறுவனமே அப்பெயரில் வால்வுப் பெட்டிகளை மீண்டும் செய்தது!

ஒலியினிமை மட்டும் இதற்குக் காரணமன்று. வால்வைக் கழற்றி மாற்றலாம். கைத்திறனுள்ளவர் பழுதும் பார்க்கலாம். உற்பத்தி நின்றுபோன சில்லுகளை நம்பிய இடைக்காலப் பெட்டிகளே விலையின்றிப் போகுமென நாம் கருதுகிறோம். புதியனவற்றுக்கும் ஒருநாள் அக்கதி நேரலாம்.

ஆகவே ஹட்டனிலோ கண்டியிலோ பாவித்த பெட்டியை விலைபேசும் மாணவர், பெயரைக் கண்டு மயங்காது, உள்ளே காட்டும்படி கேட்கட்டும். மின்தேக்கிகள் உப்பியிருந்தால் மாற்றும் செலவை விலையிற் கழிக்கவேண்டும். வால்வுப் பெட்டியாயின் மூடியைத் தாமே திறத்தல் ஆகாது; நிறுத்திய பின்னரும் நூற்றுக்கணக்கான வோல்ற் உள்ளே தங்கியிருக்கக்கூடும்.