பரிணாமமா, படைப்பா? நம் பிள்ளைகளின் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

பள்ளியில் பரிணாமம் நடத்தினால், கடவுள் படைத்தார் என்பதையும் சேர்த்து நடத்த வேண்டுமா? அமெரிக்காவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படிக் கட்டாயப்படுத்திய லூசியானா மாநிலச் சட்டம் 1987இல் செல்லாமல் போனது.

இந்தியாவில் நடந்தது வேறு. என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. பாடச்சுமையைக் குறைக்கவே என்றார்கள். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் 2023இல் எதிர்த்துக் கையெழுத்திட்டனர்.

கெடா பெற்றோருக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நம் எஸ்.பி.எம். உயிரியலில் மரபு வழியும் மாறுபாடும் அத்தியாயங்களாக உள்ளன. பரிணாமத்துக்கு அத்தியாயம் இல்லை. இயற்கைத் தேர்வும் புதிய இனங்கள் உருவாவதும் ஆறாம் படிவத்தில், எஸ்.டி.பி.எம். உயிரியலில்தான் வருகின்றன. ஐந்தாம் படிவத்தோடு வேலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ போகும் தோட்டத்துப் பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. இரண்டையும் நடத்தலாமா என்பது இருக்கட்டும், ஒன்றையாவது நடத்துகிறோமா?

இத்தனைக்கும், செம்பனைத் தோட்டத்தில் மருந்து அடித்தவர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்ப அடித்தால், ஒரு கட்டத்தில் புல் சாகாது. கிளைபோசேட்டுக்கு அசையாத ‘சம்பாவ்’ புல் பேராக், தெலுக் இந்தானில் 1990களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. மருந்தில் கோளாறு இல்லை. ஆயிரமாயிரம் புல்லில் ஒன்றிரண்டுக்குப் பிறப்பிலேயே தாங்கும் தன்மை இருக்கும். மற்றவை மடிய, அவை மட்டும் விதை போடும். சில ஆண்டுகளில் நிலமெங்கும் அவற்றின் வாரிசுகள். இதுதான் இயற்கைத் தேர்வு. 1858இல் டார்வினோடு சேர்த்து இக்கருத்து வெளியிடப்பட்ட வாலஸ், அதற்கு மூன்றாண்டு முன்பு புதிய இனங்கள் பற்றிய கட்டுரையை எழுதியது நம் சரவாக்கில் இருந்துதான்!

பிள்ளை சாமியை மறந்துவிடுமோ என்ற பயம் சில வீடுகளில் உண்டு. ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைநம்பிக்கை. அதை யாரும் தொடவில்லை. ஆனால் இந்து, முஸ்லிம், கிறிஸ்துவ, பௌத்தப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் அறிவியல் வகுப்பில் யாருடைய படைப்புக் கதையை நடத்துவது? பிரம்மாவைப் பற்றிச் சொல்ல கோயில் சமய வகுப்பு இருக்கிறது. சோதித்துப் பார்க்கக்கூடியதைச் சொல்லத்தான் அறிவியல் வகுப்பு.

லங்காவியில் கேபிள் கார் ஏறும் மச்சிஞ்சாங் மலையின் பாறைகளுக்கு வயது சுமார் 55 கோடி ஆண்டு. பள்ளிச் சுற்றுலாவுக்குக் காசு கட்டும் பெற்றோர், அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்கலாம். அதற்குப் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.