மகிழ்ச்சி வேதிப்பொருளுக்குக் கடிவாளம்: டோபமைனைச் செரோடோனின் கட்டுப்படுத்துவது எப்படி?

திருவனந்தபுரம்: பார்க்கின்சன் எனப்படும் நடுக்குவாத நோய்க்கான மருந்துகள், மூளையில் குறைந்துபோன டோபமைனை ஈடுசெய்கின்றன. ஆனால், சிலரிடம் அதே மருந்துகள் அடக்க முடியாத சூதாட்ட நாட்டத்தையோ, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும் மாயத்தோற்றத்தையோ ஏற்படுத்துவதுண்டு. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கழகம் போன்று, இந்நோய்க்குச் சிறப்புச் சிகிச்சை அளிக்கும் மையங்கள் கவனத்தில் கொள்ளும் பக்கவிளைவுகள் இவை.

சூதாட்ட நாட்டம் போன்றவற்றுடன் தொடர்புடையது மூளையின் 'வெகுமதிப் பாதை'. நடுமூளையின் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியிலிருந்து புறப்படும் நரம்பணுக்கள், முன்மூளையின் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் பகுதியில் டோபமைனை வெளியிடுகின்றன. உணவு, வெற்றி, போதைப்பொருள் ஆகியவற்றின் மீதான நாட்டம் இங்குதான் வலுப்பெறுகிறது.

இப்பாதையைக் கண்காணிக்கும் மற்றொரு வேதிப்பொருள் செரோடோனின். இதற்குக் குறைந்தது 14 வகை ஏற்பிகள் உள்ளன. எந்த ஏற்பியில் இணைகிறது என்பதைப் பொறுத்தே அதன் விளைவு அமைகிறது. '2சி' ஏற்பி, தடுப்புப் பணி செய்யும் காபா நரம்பணுக்களைத் தூண்டி, டோபமைன் வெளியீட்டைக் குறைக்கிறது. '1பி' ஏற்பி, காபா வெளியாவதைக் குறைத்து அத்தடையைத் தளர்த்துகிறது. '2ஏ', '3' ஆகிய ஏற்பிகள் பொதுவாக டோபமைன் வெளியீட்டுக்குத் துணைபுரிகின்றன. ஆகவே, செரோடோனினைத் தடை என்றோ தூண்டுகோல் என்றோ ஒரே சொல்லில் அடக்க இயலாது.

இந்த வேறுபாடு மருந்து உருவாக்கத்திற்கு வழிகாட்டுகிறது. மாயத்தோற்றத்தைக் குறைக்கும் பழைய மருந்துகள் பல டோபமைன் ஏற்பிகளை அடைப்பதால், பார்க்கின்சன் நோயாளிகளின் நடுக்கமும் விறைப்பும் மோசமாகின்றன. டோபமைன் ஏற்பிகளை விடுத்து, முதன்மையாக '2ஏ' ஏற்பியின் செயல்பாட்டை அடக்கும் பிமாவன்செரின் மருந்துக்கு அமெரிக்கா 2016-ல் ஒப்புதல் அளித்தது.

எனினும், ஏற்பியைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது மட்டும் போதாது. பசியைக் குறைக்க '2சி' ஏற்பியைத் தூண்டும் லார்காசெரின் மருந்து அமெரிக்காவில் 2012-ல் ஒப்புதல் பெற்றது. புற்றுநோய் அபாயம் குறித்த ஐயத்தால் 2020-ல் அது சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

பார்க்கின்சன் மருந்து உட்கொள்பவரிடம் திடீரெனச் சூதாட்ட ஆர்வமோ, அளவுகடந்த செலவோ தென்பட்டால், அதைக் குணக்கேடு எனக் குடும்பத்தினர் எண்ணிவிடக் கூடாது. மருந்தைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்தானது. மருத்துவரிடம் உடனே தெரிவித்தால், மருந்தின் அளவையோ வகையையோ மாற்றி இப்பாதிப்பைக் கட்டுப்படுத்த வாய்ப்புண்டு.