நான்காவது செயற்கைக்கோள் எதற்கு?

அமெரிக்க ராணுவம் ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையினால் சாமானிய ஜனங்களின் கைக்கருவி நூறு மீட்டர் வரையில் தடுமாறிக்கொண்டிருந்த நிலை 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி நீங்கவே, மறுநாளே ஓரிகன் மாகாணத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி புதைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகைகளைப் பகிரங்கப்படுத்தினார்; ஒளித்துவைத்த பொருளை ஜி.பி.எஸ். துணையால் தேடிக் கண்டெடுக்கும் ஜியோகேச்சிங் விளையாட்டு பிறந்தது. உள்ளே ஒரு டப்பா பீன்ஸும் இருந்தது. புதையலென்றால் பொன்னாகவே இருக்க வேண்டுமா, என்ன?

சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கிக் கருவி தூரத்தைக் கணிக்கிறது. மூன்று தூரங்கள் போதாவோ? கருவியின் சாதாரணக் கடிகாரம் ஒரு மைக்ரோ செகண்டு பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிறழுமாதலால், அப்பிசகையும் கண்டறிய நான்காவது கோள் அவசியமாகிறது.

அடர்ந்த மரங்களினூடே சமிக்ஞை நலிந்து, முள் அங்குமிங்கும் அலையும். அப்போது கருவியைப் பையிலிட்டு, வேரிடுக்குகளைத் துழாவுவதே உத்தமம்.